மறுமொழி: டிசம்பர் சந்திப்பு, வேலி தாண்டும் திட்டம் பற்றி

கோலார் தங்கவயல் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் சந்திப்புக்குப் பிள்ளைகள் போட்ட நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். பழைய வாத்தியார்களுக்குச் சால்வை, ராபர்ட்சன்பேட்டையில் விருந்து, எல்லாம் சரி. ஏழாவதாக, மூடிக்கிடக்கும் நம் தங்கச் சுரங்கத்துக்குள் போவதாக ஒன்று இருக்கிறதே, "இரவு வேலி தாண்டி கிஃபோர்ட் ஷாஃப்ட், மில், முடிந்தால் ஹெட்கியர் மேல் ஏறி வீடியோ" என்று (ஷாஃப்ட் என்றால் சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி, ஹெட்கியர் அதன் மேல் நிற்கும் கோபுரம்), அதைப் பார்த்த பிறகு தூக்கம் போய்விட்டது. இங்கே பெர்த்தில் விடியற்காலை மூன்று மணி. துபாய்த் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் வயதில் நானாக இருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது நான் உள்ளே போய் வந்தேன். எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, பகல் பதினொரு மணிக்கு, காவலர் ஒருவர் கூடவே வர. அதனால் "பெரிசுக்குப் பயம்" என்று எழுதிவிடாதீர்கள்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்கள் போய்வரும் கூண்டை, அதாவது கேஜை, ஷாஃப்டில் இறக்கி ஏற்றுவது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கேட் வரைதான். வாட்ச் அண்ட் வார்டுக்காரர் அங்கேயே வாங்கிக்கொள்வார். சாயங்காலம் காலிக் கேரியர் வெளியே வரும்போது ஒவ்வொரு அடுக்கையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். தங்கம் விளையும் இடமாயிற்றே. இளையவர்கள் சுரங்க வேலை நின்ற 2001 பிப்ரவரி 28-க்குப் பிறகுதான் அந்த இடம் மூடிக்கிடப்பதாக நினைக்கிறார்கள். நமக்கு அது அப்பாக்கள் உள்ளே இருந்த காலத்திலேயே மூடிய இடம்தான். சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது என்று தெரியும், ஏர்பிளாஸ்ட், அதாவது அழுத்தத்தில் அடிப்பாறை வெடிப்பது, வந்தால் அலமாரிப் பாத்திரம் கடகடக்கும், அம்மா வாசலுக்கு ஓடுவார். உள்ளே என்ன இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, 57 வயதில் முதல் தடவையாக அந்த கேட்டைத் தாண்டினேன்.

வைண்டிங் வீட்டுக்குள் முதலில் வந்தது புறா எச்ச நாற்றம். கூரைத் தகடு பாதி இல்லை, அந்த ஓட்டை வழியாக வெயில், கேஜின் கம்பிவடத்தைச் சுற்றும் டிரம் மேல் விழுந்திருந்தது. டிரம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கம்பிவடம் இல்லை. மோட்டாரின் வயிற்றைக் கிழித்துச் செம்பை உருவியிருக்கிறார்கள், யார் என்று கேட்காதீர்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்ததே இந்த மாதிரி இயந்திரங்களுக்காகத்தான். இப்போது ஒரு கை நீளக் கம்பிகூட மிச்சமில்லை.

டிரைவர் இருக்கை இருந்த மேடையில் போய் நின்றேன். ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்ட் தெரியவில்லை. சுவர்தான் தெரிகிறது, அதில் வடம் வெளியே போக ஒரு பொந்து. டிரைவருக்குத் தெரிவது மூன்றே மூன்று: சுற்றும் டிரம், ஆழம் காட்டும் பெரிய முள், மணிச் சத்தம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாகப் போகும் ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றியவர், அவர்கள் போகும் வழியை அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததே இல்லை. டிரம் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் கோடுகள் போட்டிருந்தார்கள், சுரங்கத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் (லெவல்) ஒன்று. சில கோடுகள் மேல் இரண்டு மூன்று தடவை பெயிண்ட் ஏறியிருக்கிறது. யாராவது ஒரு டிரைவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று தானே தூரிகை எடுத்திருப்பார். அப்பாவாகவும் இருக்கலாம்.

அப்பா வீட்டிலும் சுரங்க மணிக்குறிப்பில்தான் பேசுவார். ஒன்று தட்டினால் "நிறுத்து", மூன்று தட்டினால் "ஆள் இருக்கு". குளியலறைக் கதவை யாராவது தள்ளினால் உள்ளேயிருந்து டக் டக் டக் என்று மூன்று வரும். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் அதுதான்.

இதுவரை உங்களுக்கு ஆசை காட்டிவிட்டேன், தெரியும். இனி மற்றது.

ஷாஃப்ட் வாய்க்கு இருபதடி முன்னாலேயே காவலர் கையை நீட்டி மறித்தார். நான் ஏதோ வழக்கமான கெடுபிடி என்று நினைத்தேன். அவர் காலால் தரையைக் காட்டினார். கான்கிரீட் போலத்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது, மேலே முள்செடி மூடியிருக்கிறது. எது தரை, எது வெறும் செடி என்று பகலிலேயே சொல்ல முடியவில்லை. நீங்கள் இரவில், செல்போன் வெளிச்சத்தில் போகப்போகிறீர்கள். தங்கவயலில் பெரிய ஷாஃப்ட் நாலைந்துதான் என்று நினைத்தால் தப்பு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, அதற்கு முன்னும், தோண்டிவிட்டுப் போன குழிகள் ஏராளம்.

கொஞ்சம் நின்றபோது முகத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது, உளுத்த மரவாசனையோடு. "மூச்சு விடுது சார்" என்றார் காவலர். நிஜமாகவே விடும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் சுரங்கத்துக்குள் இருக்கும் காற்று மேலே வரும், அழுத்தம் கூடினால் உள்ளே இழுக்கும். அந்தக் காற்றுதான் ஆபத்து. உள்ளே மரம் மக்குவதும் தாதுப்பாறை துருவேறுவதும் பிராணவாயுவைத் தின்றுவிடும். பிராணவாயு குறைந்ததை வாசனை, நிறம் எதுவும் எச்சரிக்காது. சீக்கிரமே கால் மடங்கும், மேலே நிற்பவன் "வழுக்கி விழுந்துட்டான்" என்று காப்பாற்ற இறங்குவான், அவனும் போவான். 2020 மே மாதம் மாரிக்குப்பத்தில் பழைய ஷாஃப்டுக்குள் இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை அவர்கள், இங்கேயே வளர்ந்தவர்கள்.

பாஸ்டனில் இயற்பியல் படிக்கும் நம் பெண் ஒருத்தி, "நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தை மட்டுமாவது எட்டிப் பார்க்கணும் மாமா" என்று தனியாக எழுதியிருந்தாள். அம்மா, உன் ஆசையில் நியாயம் இருக்கிறது. 1965-ல் காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளை உலகிலேயே முதலில் பிடித்த இடங்களில் நம் சாம்பியன் ரீஃப் ஒன்று. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவி வைத்திருந்தார்கள். மற்றக் கதிர்களையெல்லாம் அவ்வளவு பாறையும் வடிகட்டிவிடும் என்பதற்காக. 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பைக் கீழே இறக்கி அடுக்கினார்கள். இறக்கும்போது மேலே டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர் யாரும் இல்லை, அது வேறு கதை. ஆனால் சுரங்கம் மூடியதும் பம்புகள் நின்றன. அந்த ஆழமெல்லாம் இப்போது தண்ணீர். எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை, கறுத்த நீர்தான். தண்ணீர் ஏற ஏறப் பாறைக்குள் அழுத்தம் மாறுவதால், மூடிய பிறகும் அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஏர்பிளாஸ்ட் ரிட்டயர் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சயனைட் மேடு, அதாவது தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுக் குன்று, பற்றியும் ஒரு வார்த்தை. நாமெல்லாம் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் உட்கார்ந்து சறுக்கியவர்கள்தான். சினிமாக்காரர்கள் வந்து ஆடியதையும் பார்த்தோம். அது விளையாட்டு மணல் இல்லை, மாவாக அரைத்த குவார்ட்ஸ் பாறை. 13 மேடுகளிலுமாகச் சுமார் 3.3 கோடி டன் இருப்பதாகக் கணக்கு. காற்றடிக்கும் மாதத்தில் துணி காயப்போட்டால் வெள்ளைப் புடவை சாம்பல் புடவை ஆகும். நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஒவ்வொரு லைன் வீட்டு வரிசையிலும் இருமிக்கொண்டே இருந்த ஒரு பெரியப்பாவை நினைத்துக்கொண்டால் போதும். மழை பெய்த மறுநாள் மேலே காய்ந்த பொருக்கும் அடியில் சேறுமாக இருக்கும், இடுப்பு வரை இழுக்கும். சாலையிலிருந்தே சாயங்கால வெயிலில் எடுங்கள், படம் அருமையாக வரும்.

ஏழாவதை நிரலிலிருந்து எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்பது என் யோசனை. பங்காரப்பேட்டையில் எல்லோரும் கூடி மாரிக்குப்பம் ரயிலில் ஏறுவோம். நம் தாத்தாக்கள் குடியாத்தம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியதும் அந்தத் தடத்தில்தானே, அப்போது பங்காரப்பேட்டைக்குப் பவுரிங்பேட்டை என்று பெயர். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் எனப் பெயர்ப் பலகைகள் வரிசையாக வரும். அப்புறம், வைண்டிங் வீட்டை மட்டும் பார்க்கப் பகலில், சிறு குழுவாக, காவலர் துணையோடு அனுமதி கேட்டு இப்போதே எழுதுகிறேன். கிடைத்தால் பெரியவர்கள் வரலாம். பிள்ளைகள் வெளியே நிற்கட்டும், டிரோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியாக ஓர் உதவி. டிரைவர் மேடைக்கு எதிர்ச் சுவரில் மணிக்குறிப்புப் பலகை ஒன்று இன்னும் தொங்குகிறது, எனாமல் தகடு. மேல் மூன்று வரிதான் படிக்க முடிந்தது, அவை அப்பா சொல்லித் தெரிந்தவை. கீழே முழுக்கத் துரு. ஐந்தும் ஆறும் தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அப்பாவோ மாமாவோ ஷாஃப்ட் வாயில் நின்று மணி அடிக்கும் பேங்க்ஸ்மேனாக இருந்து, வீட்டில் எப்போதாவது சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். பொங்கலுக்குள் முழுப் பலகையையும் எழுதி எடுத்துவிட ஆசை.

பெர்த்திலிருந்து,
சாம்பியன் ரீஃப் டிரைவர் வீட்டு மூத்த பையன்