ஆடிப்போன படத்துக்கு முதல் பரிசா?

நெல்லை கேமராக்காரன்:
செய்திப் படத்துக்கு ஷார்ப்னஸ் முக்கியமே இல்லை, கதை இருந்தால் போதும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். உதாரணத்துக்கு 2016-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்கிற உலகச் செய்திப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய வாரன் ரிச்சர்ட்சன் படம். செர்பியா-ஹங்கேரி எல்லையில் முள்வேலிக்கு அடியில் ஒரு ஆள் கைக்குழந்தையை அந்தப் பக்கம் கொடுக்கிறார். சரி, ஆனால் படம் ஆடியிருக்கிறது, மண் தூவின மாதிரி கிரெயின் வேறு. இருபது வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன், இப்படி ஒன்றை ஆல்பத்தில் வைத்தால் பெண் வீட்டார் பாக்கிப் பணம் தர மாட்டார்கள்.

பழைய நெகடிவ்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 2015 ஆகஸ்ட் 28, விடியற்காலை மூன்று மணி வாக்கில் எடுத்த படம் அது. ரிச்சர்ட்சன் அகதிகளோடேயே ஐந்து நாள் தங்கியிருந்தார். போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போது ஃபிளாஷ் அடித்தால் அத்தனை பேரையும் காட்டிக்கொடுத்த மாதிரிதான். பௌர்ணமியை ஒட்டிய நிலா வெளிச்சம் மட்டும். லென்ஸ் திறப்பு எஃப் 1.4, ஒளியை வாங்கும் திறன் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் திறந்திருந்தது 1/5 வினாடி. உங்கள் மண்டபத்தில் நாலு பக்கமும் லைட் நிற்கும், அங்கே அது இல்லை.

நெல்லை கேமராக்காரன்:
மண்டபத்தை இழுக்க வேண்டாம். ஐஎஸ்ஓவை 25600 வைத்திருந்தால் ஷட்டர் 1/20 கிடைத்திருக்கும், ஆட்டம் குறைந்திருக்கும். கேமராவில் அது இருக்கிறது. ஏன் வைக்கவில்லை?

பழைய நெகடிவ்:
அவரிடம் இருந்த கேனான் 5டி மார்க் 2-வில் 6400 வரைதான் இயல்பான அளவு. அதற்கு மேல் ஏற்றினால் நிழலில் கோடு கோடாக வரும், நானே அந்த கேமராவை வைத்துப் பட்டிருக்கிறேன். அந்த ஆள் அண்ணாந்து பார்க்கிற முகம் இருக்கிறதே, படமே அதில்தான் நிற்கிறது, அது கோட்டில் போயிருக்கும்.

கயல்:
ஷார்ப்பாக இருந்தால் மட்டும் விட்டுவிடுகிறீர்களா? பால் ஹான்சன் எடுத்த காஸா சவ ஊர்வலப் படத்துக்கு 2013-இல் இதே பரிசு கொடுத்தபோது, சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது, ஒட்டுவேலை என்று எத்தனை கூச்சல். நிபுணர்கள் கோப்பைச் சோதித்து, ஒட்டுவேலை இல்லை, நிறத்தையும் ஒளியையும்தான் மாற்றியிருக்கிறார் என்றார்கள். அந்தச் சந்தில் இரண்டு பிள்ளைகளின் உடலைத் தூக்கி வருகிறார்கள், நாம் நிறம் மாற்றுகிற டோனிங் பற்றிப் பேசினோம்.

நெல்லை கேமராக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். 1/20.

குமரேசன்:
போர்ப் படக்காரர் ராபர்ட் காப்பா 1944-இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது எடுத்ததும் ஆடின படம்தான். லேபில் நெகடிவ் உருகிப்போனதால்...

பழைய நெகடிவ்:
அந்த உருகின கதையையே நம்ப முடியாது என்று ஆதாரத்தோடு எழுதியிருக்கிறார்கள் தம்பி. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

குமரேசன்:
உங்களுக்கு வசதியான கதை மட்டும் கதையா அண்ணா?

நெல்லை கேமராக்காரன்:
நன்றாகக் கேட்டீர்கள் குமரேசன். போன வருஷம் நம் போட்டியில் என் மழைப் படத்தை "சாஃப்ட்", ஷார்ப்பாக இல்லை என்று தள்ளினது இதே அண்ணன்தான். குடையில்லாமல் பஸ்ஸுக்கு நின்ற அந்த அம்மாவிடம் அவருக்குக் கதை தெரியவில்லை. ஹங்கேரி என்றால் மட்டும் தெரிகிறது.

பழைய நெகடிவ்:
பகல் பன்னிரண்டு மணி, அந்த அம்மா அசையாமல் நின்றார், உங்கள் ஃபோகஸ் பின்னால் இருந்த பஸ் நம்பரில் விழுந்திருந்தது. இரண்டாவது ஷாட் எடுத்திருக்கலாம். அங்கே 200 பேர் அளவில் இருட்டில் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இதை ஏழு தடவை சொல்லியாகிவிட்டது. இன்னும் ஏழு தடவை சொல்வேன்.

கயல்:
அந்தக் குழந்தையைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

நெல்லை கேமராக்காரன்:
வருகிற பௌர்ணமிக்கு 1/5, 1/20 இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். அதுவரை நான் சொன்னது சொன்னதுதான்.

பழைய நெகடிவ்:
போடுங்கள். ஃபிரேமில் ஆள் அசைய வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.