மறு: எம்பிராய்டரி ‘டிஜிட்டைசிங்’ – ‘தையல்நிரலாக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

ஒரு படத்தை எம்பிராய்டரி இயந்திரத்துக்கான தையல் கட்டளைகளாக மாற்றும் வேலையை ‘டிஜிட்டைசிங்’ என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு ‘எண்ணிமமாக்கம்’ என்று இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த சொல் இலக்கணப்படி குறையில்லாதது. ஆனாலும் இந்த வேலைக்கு அது ஒட்டவில்லை. ஓலைச்சுவடியை வருடிக் கணினியில் ஏற்றுவது எண்ணிமமாக்கம். எம்பிராய்டரிக்கு வரும் சின்னமோ பெரும்பாலும் கணினிக் கோப்பாகவே வருகிறது. அதில் இன்னும் எண்ணிமமாக்க என்ன இருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாணத் தாம்பூலப் பைகளில் வீட்டு விலாச எழுத்துகளை, அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகளை, தைக்கக் கேட்டு வருகிறார்கள். பத்திரிகையில் அச்சான படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அப்படியே மெஷின்ல போட்டா வந்துராதாண்ணே?” என்கிறார்கள். வராது. இயந்திரத்துக்குப் படம் புரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்ற கட்டளை வரிசைதான் புரியும். எம்பிராய்டரி இயந்திரம் செய்யும் தஜிமா நிறுவனத்தின், பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி வகைக் கோப்பில் இருப்பவை 0.1 மி.மீ. அலகில் அமைந்த நகர்வுகள். நிறம் மாற்ற நிற்கச் சொல்லும் கட்டளை உண்டு. எந்த நிறம் என்பதுகூட அதில் கிடையாது.

அந்த வரிசையை ஓர் ஆள் யோசித்து அமைக்க வேண்டும். விலாசத்தில் எழுத்துக்கு எழுத்து புள்ளி வரும். மெய்யெழுத்தானால் தலையிலும் ஒன்று. எழுத்தின் உயரம் 5 மி.மீட்டருக்குக் கீழே போனால் அந்தப் புள்ளி வெறும் நூல் முடிச்சாகிவிடும், ‘ணை’யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தையல் போகும் திசையில் துணி உள்ளே இழுபடும். வட்டமாக வரைந்தது நீள்வட்டமாக வந்து நிற்கும். அதனால் அந்தத் திசையில் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை கூட்டியே வரைகிறோம். மேல்தையலுக்கு முன் துணியைப் பிடித்துக்கொள்ள ஓர் அடுக்குத் தையல் போட வேண்டும். மேல்தையலில் நூலுக்கு நூல் இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ.; பனியன் துணியா, கேன்வாஸா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். இத்தனை முடிவுகளையும் ‘எண்ணிமமாக்கம்’ மறைத்துவிடுகிறது. கூலி ஏன் என்று கேட்பவருக்கு அந்தச் சொல்லை வைத்து விளக்க முடியாது.

ஆகவே கோப்புக்குத் ‘தையல்நிரல்’, வேலைக்குத் ‘தையல்நிரலாக்கம்’ என்கிறேன். தொழிலில் மூத்தவர்கள் இதைப் ‘பஞ்சிங்’ என்பார்கள். துளையிட்ட காகிதச் சுருள் இயந்திரத்தை நடத்திய காலத்துச் சொல் அது. அதிலும் கட்டளை என்ற கருத்துதான் இருக்கிறது, படம் இல்லை. கணக்குப் பாடத்தில் நெடுக்கு வரிசையை நிரல் என்பதால் குழப்பம் வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணத்தில் வரும் ‘நிரல்நிறை’யில் உள்ள நிரலும் வரிசைதானே, கணினி நிரலும் வழக்கில் ஊன்றிவிட்டது. இரண்டு பொருளும் இங்கே சேர்ந்தே பொருந்துகின்றன.

துணியைப் பிடிக்க முதலில் போடும் ‘அண்டர்லே’க்கு அடித்தையல், இழுபடுவதற்காகக் கூட்டி வரையும் ‘புல் காம்பன்சேஷ’னுக்கு இழுப்பீடு என்று வைக்கலாம். ஊசி தைக்காமல் தாவிப் போகும் ‘ஜம்ப் ஸ்டிச்’சுக்குத் ‘தாவல்’ என்று எழுத ஆசை. ஆனால் விசைப்பலகையின் ‘டேப்’ (Tab) விசை அந்தச் சொல்லை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் இயங்கும் இங்க்/ஸ்டிச், தையல்நிரல் அமைக்க உதவும் கட்டற்ற மென்பொருள். அதன் பட்டியல்களைத் தமிழாக்க உட்காரும்போது இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும். ‘தாவுதையல்’ சரியா, வேறு இருக்கிறதா?