உயர்ந்த ரிப், தாழ்ந்த பிடிப்பு: இறங்கும் தட்டுகள் ஏன் தப்புகின்றன?

ஹட்டன்_வெளிக்களம்:

அனைவருக்கும் வணக்கம். களிமண் தட்டுச் சுடுதலில் எனக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம்தான். அதற்கு முன்னர், மரக்கறிப் பாத்திகளைக் கிளறும் காட்டுப்பன்றிகளுக்காக அப்பா அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருந்த பக்கவாட்டு இரட்டைக்குழல் துவக்கோடுதான் பழகினேன். இப்போது பயிற்சித் திடலில் மூத்த உறுப்பினர் ஒருவர், தம் முன்னிலையில் பயன்படுத்துமாறு, மேலும் கீழுமாகக் குழல் அமைந்த ட்ராப் துவக்கு (சுடுபவரைவிட்டு விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டிக்கானது) ஒன்றைத் தருகிறார். குழலின் மேல் ஓடும் பட்டி, அதாவது ரிப், அதில் வழக்கத்தைவிட நன்கு உயர்ந்து நிற்கிறது. கன்னம் பதியும் கட்டையும் அதற்கேற்ப உயர்த்தப்பட்டுள்ளது.

எங்கள் திடல் ஒரு தேயிலைச் சரிவின் தலைமாட்டில் இருப்பதால், எறிபொறியிலிருந்து எழும்பும் தட்டுகள் சிறிது தூரம் சென்றபின் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கத் தொடங்கிவிடுகின்றன. எழும்பும் தட்டு பெரும்பாலும் உடைகிறது. இறங்கும் தட்டு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தப்பிவிடுகிறது. துவக்கை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்துத் தொடங்குவது என் வழக்கம். குற்றம் ரிப்பின் உயரத்திலா, என் பிடிப்பிலா? பழைய தாழ்ந்த ரிப்புக்கே திரும்பிவிடலாமா?

பண்டாரவளைப்_பழசு:

தம்பி, ரிப்பின் உயரத்தைக் குறைகூறுவதற்கு முன்னர் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிப் எவ்வளவு உயரம் என்பது உங்கள் தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்பதையே தீர்மானிக்கிறது. சன்னங்கள், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பவை ரிப்பின் சரிவும் கன்னக் கட்டையின் உயரமும்தான். ரிப்பையும் கட்டையையும் ஒரே அளவால் உயர்த்தினால் சன்னம் விழும் இடம் பெரிதாக மாறாது. ஆனால் ரிப்பின் பின்முனை முன்முனையைவிட உயர்ந்திருந்தால், பார்வைக்கோடு முன்னோக்கித் தாழ்ந்து, குழல் மேல்நோக்கிச் சுடும். ட்ராப் துவக்குகள் பலவற்றை வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். எழும்பிக்கொண்டே விலகும் தட்டைக் குழலால் மறைக்காமல், ரிப்பின் முன்முனையிலுள்ள சிறு குறிமணிக்குச் சற்று மேலே மிதப்பதுபோல் பார்த்துக்கொண்டே சுட அது உதவுகிறது. அதே துவக்கை இறங்கும் தட்டுக்குப் பிடித்தால், சன்னக் கூட்டம் தட்டின் தலைக்கு மேலாகவே போகும்.

சன்னத் துவக்கில் பின்பக்கக் குறிமுனை என்பது உங்கள் கண்ணேதான். கண்ணிலிருந்து முன்மணி வரையுள்ள தூரம் ஏறக்குறைய 1 மீற்றர். ஆகவே கண் 3 மி.மீ. உயர்ந்தால், 30 மீற்றர் தூரத்தில் சன்னக் கூட்டம் ஏறக்குறைய 9 செ.மீ. உயர்கிறது. சர்வதேசப் போட்டித் தட்டின் விட்டமே 11 செ.மீ.தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுக்கும்போது ரிப்பின் நடுவிலுள்ள மணியும் முன்மணியும் எட்டு என்ற இலக்கம்போல ஒன்றன்மேல் ஒன்று அமர்கின்றனவா, அல்லது இரண்டுக்கும் நடுவே ரிப்பின் பரப்பு நீளமாகத் தெரிகிறதா? இடைவெளி தெரிந்தால் உங்கள் முகத்துக்கு அந்தக் கட்டை உயரம் அதிகம். பேச்சை விட்டுத் தாளில் சுட்டுப் பாருங்கள்: 30 மீற்றரில், நடுவில் ஒரு புள்ளி வைத்து, அவசரமில்லாமல் ஐந்தாறு வெடி.

லிந்துலைக்_குளிர்:

மேலே உள்ள கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிடிப்பைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ட்ராப் போட்டியில் துவக்கைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டே தட்டை எறியும்படி கேட்கலாம். தட்டுகள் இரு பக்கங்களிலிருந்தும் குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டியின் சர்வதேச விதி அப்படியல்ல: மேலங்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்ட நாடாவுக்குக் கீழே, தோளில் பதியும் அடிக்கட்டையின் முனை தெரிய வேண்டும், கேட்டபின் மூன்று வினாடிவரை தாமதித்தும் தட்டு வரலாம். தாழ்த்திப் பிடிப்பது உங்கள் வழக்கம் என்றால், உங்கள் கையில் இருப்பது அந்தப் பழக்கத்துக்காகப் பிறந்த துவக்கு அல்ல. உயர்த்திய கட்டை கன்னத்தைச் சற்று முன்னதாகவே சந்திக்கும். முன்பு தலையைக் குனிந்து கட்டையைத் தேடிப் பழகியவருக்கு அது தாடையில் இடிக்கும். இடிக்குப் பயந்து அடுத்த முறை முகத்தைத் தூக்குவார். முகம் தூக்கினால் கண் உயரும், கண் உயர்ந்தால் வெடியும் உயரும். நான் இதை ஒரு பருவம் முழுவதும் செய்துவிட்டுத் தோட்டாவைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

வெறும் துவக்கோடு, இரண்டு குழலும் காலி என்பதைத் திறந்து பார்த்து உறுதிசெய்தபின், வீட்டுக்குள் பழகுங்கள். முன்கை, குழலைத் தட்டு வரும் திசைக்குத் தள்ள வேண்டும். பின்கை, கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டை கன்னத்தில் அமர்ந்த பிறகே தோள் அதைச் சந்திக்க வேண்டும். தோளில் முதலில் குத்திவிட்டுத் தலையை இறக்குபவருக்கு எந்த ரிப்பும் உதவாது. கண்ணை மூடி எடுத்து, கன்னத்தில் அமர்ந்தபின் திறந்து, மணிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

இன்னொன்று: காலையில் என்ன உடுத்திச் சுடுகிறீர்கள்? எங்கள் பக்கத்துக் குளிரில் ஒரு ஸ்வெட்டரும் அதற்குமேல் ஒரு மேலங்கியும் சேர்ந்தாலே அடிக்கட்டை ஒரு செ.மீ. நீண்டதுபோல் ஆகிவிடும். தாழ்ந்த பிடிப்பிலிருந்து வரும் கட்டை அக்குளில் சிக்குவதற்கு அது போதும்.

பண்டாரவளைப்_பழசு:

ஸ்வெட்டர் விடயம் உண்மை, மறந்தே போனேன். ஆனாலும் உயர்ந்த ரிப்பை லிந்துலைக்காரர் ஒரேயடியாக ஒதுக்குவதை ஏற்கமாட்டேன். அந்த அமைப்பில் குழல் தோளோடு ஒப்பிடுகையில் தாழ்ந்திருப்பதால் உதை நேராகப் பின்னுக்கு வருகிறது. குழலின் வாய் அவ்வளவாக எகிறாது. இரண்டாவது வெடிக்குத் தட்டை விரைவில் பிடிக்கலாம். கழுத்து வலியுள்ள என் வயதுக்காரருக்கு அது சிறிய விடயமல்ல. பார்வைக்கோட்டுக்கும் குழலுக்கும் இடைவெளி கூடுதலாக இருப்பதால், பக்கவாட்டில் வீசும்போது துவக்கைச் சாய்த்துவிடாமல் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹட்டன்_வெளிக்களம்:

இருவருக்கும் நன்றி. கடந்த ஞாயிறு பனிமூட்டம் கலைவதற்குப் பத்து மணியாகிவிட்டது. சீமெந்துப் பைகளைப் பிரித்து விரித்து, நடுவில் சுண்ணாம்பால் புள்ளியிட்டு, 30 மீற்றரில் ஆறு வெடி சுட்டேன். கூட்டத்தின் நடு, புள்ளிக்கு ஏறக்குறைய 19 செ.மீ. மேலே இருந்தது. இரண்டு மணிகளுக்கும் நடுவே இடைவெளி நன்றாகவே தெரிந்தது. அதுதான் சரியான காட்சி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உரிமையாளரின் சம்மதத்துடன், கன்னக் கட்டையின் அடியில் இருந்த 1.5 மி.மீ. வாஷர்களில் இரண்டை அலன் சாவியால் கழற்றி எடுத்தோம். அடுத்த ஆறு வெடியின் நடு, புள்ளிக்கு ஏறக்குறைய 10 செ.மீ. மேலே என்ற இடத்துக்கு இறங்கியது. அதற்குமேல் இறக்க வேண்டாம், எழும்பும் தட்டுக்கு அந்த அளவு உயரம் தேவை என்றார் அவர். பிறகு இறங்கும் தட்டுகள் பத்தில் ஆறு உடைந்தன. தப்பிய நான்கில் இரண்டு முறை கட்டை ஸ்வெட்டரில் சிக்கியதை நானே உணர்ந்தேன். மற்ற இரண்டுக்கும் காரணம் தெரியவில்லை. அடுத்த வாரம் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, குளிர் தாங்கினால், எழுதுகிறேன்.