கையில் இருக்கிற காசு கொஞ்சம்தான் என்றால், அரசு விவசாயத்தில் முதலில் எதற்குக் கொடுக்க வேண்டும்?

வரப்போரம் கேட்டது:

விவசாயத்துக்கு அரசு உதவ வேண்டும் என்று சொன்னால் மறுப்பவர் யாரும் இல்லை. எப்படி உதவுவது என்று கேட்டால்தான் பத்துப் பேர் பதினொரு பதில் சொல்கிறார்கள். உர மானியம், இலவச மின்சாரம், கொள்முதல் விலை, கடன் தள்ளுபடி, வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம், பயிர்க் காப்பீடு, சாலை, கிடங்கு, ஆராய்ச்சி நிலையம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய எந்த அரசிடமும் பணம் கிடையாது. ஆப்பிரிக்க நாடுகள் 2003-ல் மாபுட்டோவில் கூடி, பட்ஜெட்டில் குறைந்தது 10 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்குவோம் என்று அறிவித்தன. பெரும்பாலான நாடுகள் அதைத் தொடவே இல்லை. தொட்ட நாடுகள் அந்தப் பத்தை எதில் போட்டன என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரே ஒரு இடத்தில்தான் முதலில் கைவைக்க முடியும் என்றால் நீங்கள் எங்கே வைப்பீர்கள்? கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து. எங்காவது நிஜமாக நடந்ததை வைத்துச் சொல்லுங்கள். நான் விவசாயி இல்லை, பொருளாதாரம் படிக்கிற ஆள், அதனால் நிலத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள் என் கேள்வியே தப்பு என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

செம்மண்காரன்:

யோசிக்காமல் சொல்வேன், ஆராய்ச்சி. பிரேசிலைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் உணவுப்பொருளை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அது. நாட்டின் நடுவில் செர்ராடோ என்று பரந்த புல்வெளி, ஆனால் மண் முழுக்க அமிலத்தன்மை, அலுமினியம் வேறு அதிகம், ஒன்றும் விளையாது என்று ஒதுக்கிவைத்த நிலம். 1973-ல் எம்ப்ராபா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். சுண்ணாம்பு போட்டு அந்த மண்ணைத் திருத்தினார்கள். சோயா குளிர்நாட்டுப் பயிர், பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் ஜாதி. வெப்ப மண்டலத்தில் விதைத்தால் வளராமலே சீக்கிரம் பூத்துவிடும். அதற்கேற்ற ரகங்களைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாகச் சோயா ஏற்றுமதி செய்வது பிரேசில்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நல்ல ரகம் வெளியே வந்துவிட்டால் அதற்கு மனு எழுத வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. குறையும் சொல்லிவிடுகிறேன். செர்ராடோவின் இயற்கைத் தாவரங்களில் கிட்டத்தட்ட பாதி இன்று இல்லை, அழித்துத்தான் இவ்வளவும். இன்னொரு சங்கடம், ஆராய்ச்சியில் இன்று போட்ட பணம் காய்க்க பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், தேர்தலோ ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கிறது.

கூட்டல்_கழித்தல்:

முதலில் எதற்குக் கொடுப்பது என்பதைவிட எதற்குக் கொடுக்கவே கூடாது என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். மலிவு விலை மின்சாரம், மலிவு விலை உரம் இரண்டிலும் கைவைக்காதீர்கள், புலிவாலைப் பிடித்த கதைதான். பஞ்சாபில் 1997-ல் விவசாயத்துக்கு மின்சாரத்தை இலவசமாக்கினார்கள். மோட்டாரை நிறுத்த ஒரு காரணமும் இல்லாமல் போனது, நெல்லுக்குக் கொள்முதல் உத்தரவாதம் வேறு இருந்தது, நிலத்தடி நீர் கீழே கீழே போய்விட்டது. 2009-ல் சட்டமே போட்டு, ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்று தடுக்க வேண்டிய நிலை. ஒரு கையால் தண்ணீரை இறைக்கக் காசு கொடுத்துவிட்டு இன்னொரு கையால் தடுக்கிறார்கள். யூரியாவும் அப்படித்தான். இந்தியாவில் 2010-ல் மற்ற உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது யூரியாவை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டார்கள், எது மலிவோ அதைத்தானே மனுஷன் அள்ளிப் போடுவான்.

நியூசிலாந்து 1984-ல் என்ன செய்தது தெரியுமா? அப்போது செம்மறி, மாட்டுப் பண்ணைக்காரர்களின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வரை அரசு ஆதரவாக வந்துகொண்டிருந்தது. மந்தையைப் பெருக்கினால் சலுகை என்று இருந்ததால் செங்குத்தான மலைச்சரிவில்கூட ஆட்டை ஏற்றிவிட்டார்கள். புதிதாக வந்த அரசில் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ், கிட்டத்தட்ட எல்லா மானியத்தையும் வெட்டினார். எட்டாயிரம் பண்ணைகள் மூழ்கும் என்று பயமுறுத்தினார்கள், கடைசியில் வெளியேறும்படி ஆனது சுமார் 800 பேர், அதாவது நூற்றில் ஒருவர். செம்மறி 7 கோடியிலிருந்து இப்போது 3 கோடிக்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் ஆட்டுக்கு ஆடு கிடைக்கிற இறைச்சி கூடியிருக்கிறது. விவசாயம் அழியவில்லை.

மேட்டுநிலம்:

நியூசிலாந்து உதாரணம் வருமென்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன் :)

நண்பரே, அங்கே ஒரு பண்ணை நூற்றுக்கணக்கான ஹெக்டேர். விளைச்சலில் பெரும்பங்கு ஏற்றுமதிக்கு. நாணய மதிப்பையும் அதையொட்டியே சந்தை முடிவுக்கு விட்டு மிதக்கவிட்டார்கள், கடன்களை மறுசீரமைத்தார்கள், வெளியேற நினைத்தவர்களுக்குத் தொகையும் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கரில் குடும்பம் நடத்துகிறவனிடம் போய் "நூற்றில் ஒருவன்தான் போவான், கவலைப்படாதே" என்று சொல்ல முடியுமா? அவன்தான் அந்த ஒருவன் என்றால்?

திடீரென்று பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை, மாற்று உரம் போதுமான அளவு கையில் இல்லாமல், பழக்க ஆள் இல்லாமல், ஒரு போகத்துக்குள் மாறச் சொன்னதுதான் பிரச்சினை. அரிசியில் தன்னிறைவாக இருந்த நாடு இறக்குமதிக்குப் போனது. சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டிவந்தது, அதற்குள் பயிர் போய்விட்டது.

ஆப்பிரிக்காவின் மலாவி கதை எதிர்ப்பக்கம். 2005-ல் கடும் பஞ்சம், அதற்குப் பிறகு சிறு விவசாயிகளுக்கு உரத்துக்கும் விதைக்கும் கூப்பன் கொடுத்தார்கள். அடுத்த மக்காச்சோள விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல். மழையும் கைகொடுத்தது, அதை மறைக்கவில்லை. அப்புறம் உலகச் சந்தையில் உர விலை ஏறியபோது அந்த ஒரு திட்டமே விவசாய பட்ஜெட்டில் பாதிக்கு மேல் விழுங்கியது என்பதும் நிஜம்தான். ஆனாலும் பசியில் இருக்கிறவனிடம் பதினைந்து வருஷம் கழித்து நல்ல ரகம் வரும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கொள்முதல் விலையையும் நான் விடமாட்டேன். அறுவடை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது, கடன்காரனும் அதே நேரத்தில் வருகிறான், வைத்திருந்து விற்க யாராலும் முடியாது. அங்கே அரசு ஒரு விலையைச் சொல்லி நின்றால்தான் வியாபாரி அதற்குக் கீழே கேட்க யோசிப்பான். சொன்ன விலைக்கு உண்மையிலேயே வாங்கவும் வேண்டும், அது தனிப் பேச்சு. இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறார்கள், பெருமளவு வாங்குவது நெல்லும் கோதுமையும்தான்.

கூட்டல்_கழித்தல்:

ஐரோப்பாவும் விலைக்கு நின்றுதான் பார்த்தது. யாரும் தின்ன முடியாத அளவுக்கு வெண்ணெய் கிடங்கில் குவிந்து, வெண்ணெய் மலை என்று பெயரே வந்தது. 1984-ல் பாலுக்கு அளவு நிர்ணயித்தார்கள், அதைக் கழற்ற 2015 ஆகிவிட்டது. புலிவால் என்றேனே.

வரப்போரம்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் விலையையும் தொடாமல், உரத்தையும் தொடாமல், பணத்தை நேராகக் கணக்கில் போட்டுவிட்டால்? ஐரோப்பாவும் 1992-க்குப் பிறகு அந்தப் பக்கம்தானே திரும்பியது. விவசாயி தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும். பாடப்புத்தகத்தில் இதுதான் சுத்தமான வழி என்று இருக்கிறது.

பழைய_களப்பணி:

பாடப்புத்தகத்தில் "விவசாயி" என்று ஒரு ஆள் இருப்பார், தம்பி. களத்தில் அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

நான் வேளாண் விரிவாக்கப் பணியில் பல வருஷம் இருந்தவன். ஒரு தடவை வெள்ளத்தில் பயிர் மூழ்கி நிவாரணப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். வயலில் முழங்கால் சேற்றில் நின்று அழுதுகொண்டிருந்தவர் குத்தகைக்காரர், வாய்ப்பேச்சுக் குத்தகை, காகிதம் ஒன்றும் கிடையாது. பட்டா இன்னொருவர் பேரில். அவர் குடியிருப்பது வேறு ஊரில், அந்த வயலைப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருக்கும். பணம் அவர் கணக்குக்குத்தான் போனது. அவரிடம் போய், பயிர் செய்தது இவர்தான் என்று ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். பின்னாளில் நிலத்தில் உரிமை கொண்டாடிவிடுவான் என்று பயந்து மறுத்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, மேலே சொன்னபோது மேலதிகாரி "பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவருக்கு" என்று முடித்துவிட்டார், சட்டப்படி அவர் சொன்னதும் சரி.

பணம் நிலத்தோடு கட்டப்பட்டால் நிலம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் போகும். ஐரோப்பாவில் நேரடித் தொகையில் சுமார் 80 சதவீதம், வாங்குகிறவர்களில் மேல்தட்டு 20 சதவீதத்திடம் போய்ச் சேருகிறது என்று பல காலமாகவே பேச்சு. இன்னொன்றும் நடக்கும், ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கத் தொடங்கியதும் நிலக்காரர் குத்தகையை ஏற்றுவார். குத்தகைக்காரருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

செம்மண்காரன் ஆராய்ச்சி என்றார், நல்லது, ஆனால் ஆராய்ச்சி நிலையத்து வேலிக்கு உள்ளேயே செத்துப்போன ரகங்கள் எத்தனையோ. அமெரிக்காவில் 1862-ல் விவசாயக் கல்லூரிகளுக்கு நிலம் கொடுத்தார்கள், 1887-ல் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம், 1914-ல்தான் அதை ஊருக்குக் கொண்டுபோகிற ஆளுக்குச் சம்பளம். ஐம்பது வருஷம் கழித்துத்தான் அந்த மூன்றாவது கால் முளைத்தது. என்னைக் கேட்டால் அந்த ஆளுக்குத்தான் முதல் காசு. அவரை மானிய விண்ணப்பம் சரிபார்க்கிற குமாஸ்தாவாக ஆக்காமல் இருந்தால் போதும். என் கடைசி சில வருஷங்களில் நான் வயலில் நின்ற நேரத்தைவிடப் படிவத்தோடு உட்கார்ந்த நேரம்தான் அதிகம்.

ஊர்க்கோடி:

எல்லாரும் பயிரைப் பற்றியே பேசுகிறீர்கள். கிராமத்தில் பயிர் செய்யாதவர்களும் இருக்கிறார்கள், கூலிக்குப் போகிறவர், தையல்காரர், பால் ஊற்றுகிறவர், நிலமே இல்லாதவர். விவசாயத்துக்கு உதவி என்று கொடுப்பதில் இவர்களுக்கு வருவது மிச்சம் மீதிதான்.

அமெரிக்காவில் 1930-களின் நடுவில் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தனியார் கம்பெனிகளுக்குக் கணக்கு கட்டுபடியாகவில்லை, மைலுக்கு இரண்டு மூன்று வீடு இருந்தால் யார் கம்பி இழுப்பார்கள்? 1935-ல் அரசு கிராம மின்மய நிர்வாகம் என்று ஒன்றை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது, ஊர்க்காரர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்குள் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வந்துவிட்டது. கவனியுங்கள், மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கவில்லை, கம்பியைத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தென்கொரியாவில் 1970-ல் சுமார் 33,000 கிராமங்களுக்கு, கிராமம் ஒன்றுக்கு 335 மூட்டை சிமென்ட் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, ஊர்ப் பொது வேலைக்கு மட்டும். என்ன வேலை என்பதை ஊரே முடிவு செய்யலாம், பாலமோ கிணறோ பாதையோ. அடுத்த கட்டத்தில் நன்றாகச் செய்த பாதிக் கிராமங்களுக்கு மட்டும் 500 மூட்டையும் ஒரு டன் இரும்புக் கம்பியும். என் முதல் காசு இந்த மாதிரிக்குத்தான்.

மேட்டுநிலம்:

அந்த சிமென்ட் கதையின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் ஊர்க்கோடி. அது பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகார ஆட்சி, ஊர் கூடி முடிவெடுத்தது என்பதில் மேலிருந்து வந்த மிரட்டல் எவ்வளவு என்பது தனிக்கணக்கு. வைக்கோல் கூரையைப் பிரித்துவிட்டு சிலேட் தகடு போடச் சொன்னார்கள், அதில் இருந்தது கல்நார், அதாவது நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ். இன்றுவரை அதை அப்புறப்படுத்தச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர்க்கோடி:

அது சரிதான், மறுக்கவில்லை.

வரப்போரம்:

கேள்வியே தப்பு என்று யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கே அப்படித் தோன்றத் தொடங்கிவிட்டது. எதற்குக் கொடுப்பது என்று கேட்டேன், யார் பேரில் கொடுப்பது என்று கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. களப்பணி ஐயா, ஒரு கேள்வி. குத்தகைக்காரரையும் பட்டியலில் சேர்க்க எந்த அரசாவது சட்டம் போட்டு முயன்றிருக்கிறதா?

பழைய_களப்பணி:

முயன்றிருக்கிறது. ஆந்திராவில் 2011-ல் குத்தகை விவசாயிகளுக்கு என்றே ஒரு சட்டம் வந்தது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும் ஓர் அட்டை, அதைக் காட்டிப் பயிர்க்கடனுக்கும் நிவாரணத்துக்கும் கேட்கலாம், நிலத்தில் எந்த உரிமையும் வராது என்று சட்டத்திலேயே எழுதி நிலக்காரரின் பயத்தையும் தீர்க்கப் பார்த்தார்கள். வங்கிகள் அந்த அட்டையைப் பார்த்துக் கடன் கொடுக்கத் தயங்கின, அதே நிலத்தின் மேல் நிலக்காரர் ஏற்கனவே கடன் வாங்கியிருப்பார் அல்லவா. 2019-ல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் நிலக்காரர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் கேட்டுக் கிடைக்காமல் போன அதே கையெழுத்து. அட்டையும் 11 மாதத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருஷம் மறுபடியும் போய் அதே ஆளிடம் நிற்க வேண்டும்.