முதுகுத் தண்டில் ரத்தக்கசிவு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

தங்கச்சிமடம்:
வலை இழுத்துக்கொண்டிருந்த மச்சானுக்கு நடுமுதுகில் கத்தி இறங்கினாற்போல் ஒரு வலி, கரை சேர்வதற்குள் இரண்டு காலும் தளர்ந்துவிட்டன. வண்டியில் தூக்கி வைத்துச் செருப்பை மாட்டிவிட்டதே நான்தான். பாம்பன் பாலம் தாண்டும்போது, "மாப்ள, என் செருப்ப எங்க விட்டோம்?" என்று கேட்டார். அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம், நெளிநெளியாகக் கறுப்புக் கோடுகள். ஏவிஎம் என்றார்கள், தமனி நேராகச் சிரைக்குள் கொட்டி அழுத்தம் தாங்காமல் கசிந்திருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டுப் பசை வைத்து அடைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

கீழக்கரை:
என் சாச்சிக்கு முதுகே வலிக்கவில்லை, கழுத்தும் தலையும்தான். சிடி-யில் மூளையைச் சுற்றி ரத்தம், ஆனால் மூளை ஆஞ்சியோவில், அதாவது சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களை எடுக்கும் படத்தில், ஒன்றுமே இல்லை. ஒரு டாக்டர் மட்டும் கழுத்துக் குழாய்களையும் பார்த்தே ஆகணும் என்று நின்றார். மண்டையோடும் கழுத்தும் சேருமிடத்தில் பிஸ்டுலா, தமனியும் சிரையும் தப்பாக நேரே ஒட்டிக்கொண்ட இணைப்பு. நிறையக் கூடாத நேரத்தில் சிரை நிறைவதைத் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.
தம்பி, எல்லாருக்கும் பசை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே தமனியிலிருந்து தண்டுவடத்துக்கும் ரத்தம் போனால் பசை அங்கேயும் போய் அடைத்துவிடும். ஆடம்கீவிச் தமனி என்று ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கம், மார்பு முள்ளெலும்பு 9 முதல் 12க்குள் வரும், அது எங்கே என்று பார்த்துத்தான் கை வைப்பார்கள். சாச்சிக்கு அறுவை செய்து அந்தச் சிரையைத் துண்டித்தார்கள்.

தொண்டி:
அப்பா இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிட்டவர், தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கட்டி, ராத்திரியோடு அறுவை, பிழைத்தார். அவ்வளவுதான். ஆனால் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லணும்: திடீர் முதுகுவலியோடு கால் மரத்தால் உருவிவிடுகிறேன், வர்மம் தட்டுகிறேன் என்று யாரிடமும் போகாதீர்கள். ஒன்றுக்குப் போகாமல் அடிவயிறு உப்பினால் அதை வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். கால் எப்போது தளர்ந்தது என்று மணி குறியுங்கள், ரத்தக்கட்டி தண்டுவடத்தை அழுத்தினால் மணிக்கணக்கில்தான் அவகாசம். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இடுப்புக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்து ஒன்றுமில்லை என்றால், முதுகு முழுக்க எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள், கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். அப்புறம் ஸ்டீராய்டு, சில பிஸ்டுலாவில் அது காலை இன்னும் மோசமாக்கும்.

தங்கச்சிமடம்:
அண்ணே, மச்சானுக்கும் முதலில் இடுப்புக்குத்தான் எடுத்தார்கள். கீழக்கரை அக்கா, பசை வைத்த இடம் மறுபடி திறந்திருக்கிறதா என்று இன்னொரு ஆஞ்சியோ பார்க்கச் சொல்கிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். சாச்சிக்கு அறுவைக்குப் பிறகும் பார்த்தார்களா?