சியாச்சினில் இறந்த படைவீரரின் உடல் ஊருக்கு வருகிறது: ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது என்ன?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் ஊர் ஜவான் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி இறந்துவிட்டார். உடல் மதுரைக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து ரோடு வழியாக வருமாம். நாள் இன்னும் உறுதியாகவில்லை. ராணுவ மரியாதையை ராணுவத்தினரே பார்த்துக்கொள்வார்கள். ஊர் தரப்பில் என்ன தயார் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? கொடி, மாலை, ஃப்ளெக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊர் முனையில் சிலை வைக்கவும் பேச்சு இருக்கிறது.

சுபேதார்_ஓய்வு:
ஆழ்ந்த இரங்கல் தம்பி. முதலில் நேரத்தை அறிவித்து விடாதீர்கள். மலை உச்சியிலிருந்து ஹெலிகாப்டர் இறங்கவே வானிலை வழிவிட வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று நடந்த பனிச்சரிவில் 19-ஆம் மதராஸ் பட்டாலியன் வீரர்கள் 10 பேர் சிக்கினார்களே, அப்போது உடல்கள் டெல்லி வந்து சேரவே கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. மதுரையிலிருந்து வண்டி கிளம்பிய பிறகு நேரம் சொன்னால் போதும்.

இன்றைக்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஆள் அனுப்புங்கள். கலெக்டர் அலுவலகம், போலீஸ், மரியாதை செலுத்த வரும் படைக்குழு எல்லோருடனும் தொடர்பு அங்கிருந்துதான். குடும்பத்தின் சார்பில் பேச ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். உடலுடன் துணைக்கு வரும் ராணுவத்தினரிடம் (எஸ்கார்ட்) காகிதங்களை வாங்குபவரும் அவரே. பென்ஷன் வேலைக்கு அந்தக் காகிதங்கள்தான் அடிப்படை, கூட்டத்தில் கைமாறினால் தேடி அலைய வேண்டும்.

இனி வழியைப் பாருங்கள். ராணுவ லாரியின் அகலம் ஏறக்குறைய எட்டடி. தெருத் திருப்பத்தில் அது திரும்புமா, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, கேபிள் வயர் உண்டா என்று முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டும். பெட்டி ஆறரை, ஏழடி நீளம் இருக்கும். இரு பக்கமும் ஆள் தூக்கிவந்தால் ஆறடி அகலமாவது வேண்டும். நம் வீட்டு நிலைப்படி மூன்றடிதான். உள்ளே கொண்டுபோகப் பார்த்தால் பெட்டியைச் சாய்க்க நேரும், கொடி நழுவும். வாசலில் பந்தல் போட்டு, முழங்கால் உயரத்தில் ஆடாத மேடை வைத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறக்கலாமா என்று எஸ்கார்ட்டிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் இருக்கும். பனியில் பல நாள் கிடந்த உடல், அம்மாவும் மனைவியும் பார்க்கும் நிலையில் இல்லாமல் போகலாம். கூட்டத்தின் நெருக்குதலால் திறக்கக் கூடாது, குடும்பம் மட்டும் முடிவு செய்யட்டும்.

எரிப்பதா புதைப்பதா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உலோகப் பெட்டியைச் சிதையில் ஏற்ற முடியாது, உடலை வெளியே எடுக்க வேண்டும். அப்படியே புதைப்பதென்றால் எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், ஆறடி ஆழம் வெட்டுங்கள். இறக்க மூன்று தாம்புக் கயிறு. குழியின் ஓரத்தில் மண்ணைக் குவித்தால் தூக்குபவர் கால் வழுக்கும், நாலடி தள்ளிக் கொட்டுங்கள்.

கொடிக்கம்பம்:
கொடி விஷயத்தில் இந்தியக் கொடி விதித்தொகுப்பு (2002) தெளிவாகவே இருக்கிறது. காவி நிறம் தலைப்பக்கம். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. பெட்டிமேல் போர்த்துவது அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதி மரியாதைக்கு மட்டுமே உரியது. ஆகவே ஊர்க்காரர்கள் அன்போடு இன்னொரு கொடி வாங்கி மேலே போர்த்த வேண்டாம். அமர ஊர்தியைச் சுற்றிக் கொடித்துணி கட்டுவதும் 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

எல்லா ஊரிலும் நடக்கும் தவறு மாலைதான். ஆளுயர ரோஜா மாலையைக் கொடிமேலேயே போட்டு, ஒரு மணி நேரத்தில் சக்கரமே தெரியாமல் மூடிவிடுவார்கள். காலடியில் நாலு மர ஸ்டாண்ட் வைத்து, மலர்வளையம், மாலை எல்லாம் அங்கேயே வாங்குங்கள். வாய்க்கரிசி, நீர்மாலை போன்ற சடங்குகளைக் கொடியை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மடித்த கொடியை அதிகாரி யார் கையில் கொடுக்க வேண்டும், மனைவியிடமா பெற்றோரிடமா என்பதைக் குடும்பம் முதல்நாளே பேசி முடித்துவிட வேண்டும். சுடுகாட்டில் வைத்துப் பேசினால் மனக்கசப்பில்தான் முடியும்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. துப்பாக்கி மரியாதைக்கு இடம் எவ்வளவு விட வேண்டும்?

சுபேதார்_ஓய்வு:
படைக்குழு வரிசையாக நிற்க 40 அடி நீளத்தில் முள்வெட்டிச் சமன்செய்த தரை போதும். துப்பாக்கி நீளும் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஓலைக் கொட்டகை, வைக்கோல் போரும் இருக்கக் கூடாது. வெற்றுத் தோட்டாதான், ஆனாலும் குழல் வாயிலிருந்து நெருப்பு வரும். மூன்று முறை சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்தாக வேண்டும், குண்டில்லாத தோட்டாவின் அழுத்தத்துக்குத் துப்பாக்கி தானாக அடுத்ததை ஏற்றாது. நடுவில் இடைவெளி விழுவது அதனால்தான், கோளாறு என்று சலசலக்க வேண்டாம். கீழே விழும் கூடுகளைப் பையன்கள் நினைவுக்கென்று பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவற்றை எண்ணி ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு அந்தக் குழுவுக்கு இருக்கிறது, திரும்ப வாங்கிக் கொடுங்கள்.

பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை ஊதி, மௌனம் முடிந்து, ரௌஸ் என்ற முடிவு இசை ஊதும்வரை மைக் செட், ஜெனரேட்டர், டிரோன் எதுவும் ஓடக் கூடாது. ‘வீர வணக்கம்’ கோஷமும் அதற்குப் பிறகுதான். சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள், மற்றவர்கள் கையைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றால் போதும்.

நடுகல்_ஆர்வலன்:
சிலை பற்றி: ஊர் முனை என்றால் சாலையோரப் புறம்போக்காகத்தான் இருக்கும். சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அனுமதியில்லாமல் வைத்து, பின்னால் அதிகாரிகள் துணி சுற்றி மூடிவைப்பதைவிட அவருக்குப் பெரிய அவமரியாதை வேறில்லை. குடும்பத்தின் பட்டா நிலத்தில் வையுங்கள். பள்ளிக்கோ தெருவுக்கோ பெயர் சூட்டுவதென்றால் கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் சபைகளில் எது அருகில் வருகிறதோ அதில் வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் சிலையைவிடக் கல் மேல். சிமென்ட் சிலையில் முகம் அமைவது அபூர்வம். பெயின்ட் உரிந்தால் வருடாவருடம் யாராவது பூசி, சீருடைப் பட்டையின் நிறத்தையும் பதக்க ரிப்பனையும் மாற்றிவிடுவார்கள். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசன் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, எந்தப் பூசல், யாருடைய சேவகன், பெயர் என்ன, அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டு கடந்தும் வாசிக்க முடிகிறது. கருப்பு கிரானைட்டில் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறந்த தேதி, இறந்த தேதி, ‘ஆபரேஷன் மேகதூத், சியாச்சின்’ (சியாச்சின் ராணுவ நடவடிக்கையின் பெயர்) என்று ஆழமாக வெட்டுங்கள். அவர் இருந்த ராணுவக் காவல் முனையின் பெயரைப் போடலாமா என்று யூனிட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். லேசரில் மேலோட்டமாகச் சுரண்டிய எழுத்து வெயிலில் மங்கிவிடும். நான்முகச் சிங்கச் சின்னம் போடாதீர்கள், தனியார் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘உபயம்’ வரியும் வேண்டாம். ஃப்ளெக்ஸுக்கும் இதே பேச்சுதான்: அவர் படம் ஒன்று மட்டும், அதுவும் குடும்பம் கொடுத்த படம்.

சுபேதார்_ஓய்வு:
இன்னொன்று. இறப்பு எந்த வகையில் பதிவாகிறது என்பதைச் சில வாரம் கழித்து படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு (பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) எழுதிக் கேளுங்கள். ‘பேட்டில் காஷுவல்டி’ (போர்க்கள இழப்பு) என்று பதிவானால்தான் டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்தில் பெயர் பொறிக்க வழி பிறக்கும். உயர்மலை எல்லைக் காவலில் இயற்கைச் சீற்றத்தாலோ கடுங்குளிராலோ இறந்தால் மத்திய அரசின் கருணைத் தொகைக்குத் தனிப் பிரிவு உண்டு. மனுவில் ராணுவ எண்ணும், ஆதாரில் உள்ளபடியே மனைவியின் பெயரும் இருக்கட்டும். இனிஷியல் மாறியதற்காகவே திரும்பி வரும் மனுக்கள் ஏராளம்.