ஒற்றைத் தலைவலியில் ‘ஆரா’: ‘ஒளிவட்டம்’ வேண்டாம், ‘படரலை’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரைக்கான கேள்விப் படிவத்தில் ‘ஆரா’ (aura: ஒற்றைத் தலைவலி வரும் சிலருக்குப் பார்வையிலோ உணர்விலோ சற்று நேரம் வந்துபோகும் தடுமாற்றம்) என்பதற்கு ‘ஒளிவட்டம்’ என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மாலா-டி போன்ற மாத்திரையை எழுதுமுன் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், பாலூட்டல் பற்றியெல்லாம் கேட்பதில் சிக்கலில்லை. இந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து. ஆராவோடு ஒற்றைத் தலைவலி வருபவருக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை எந்த வயதிலும் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனம் இதை 4ஆம் வகையில், அதாவது கொடுக்கவே கூடாத வரிசையில், வைத்திருக்கிறது.

என் புறநோயாளி அறையில் ஒரு பெண்ணிடம், தலைவலியோடு ஒளிவட்டம் தெரியுமா என்று கேட்டேன். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பதை நினைத்திருப்பார், இல்லை என்றார். சீட்டெழுதத் தொடங்கிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல், வலி வருமுன் கண்ணுக்கு என்ன ஆகும் என்றேன்.

“அரிசியில கல்லு பொறுக்கிட்டிருப்பேன் டாக்டர், திடீர்னு முறத்துல பாதி தெரியாது. ஓரத்துல ரம்பப்பல்லு மாதிரி மினுங்கிட்டே பெரிசாகும். கால்மணி நேரத்துல சரியாயிடும், அப்புறம்தான் வலி.”

அதுதான் ஆரா. சீட்டைக் கிழித்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன் இல்லாத காப்பர்-டி பற்றிப் பேசினோம்.

‘முன்னறிகுறி’யும் சரிவராது. முந்தின நாளே வரும் கொட்டாவி, அசதி, இனிப்பு மேல் ஆசை எல்லாம் முன்னறிகுறிதான். அதற்காக மட்டும் மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை. ‘முன்னலை’ நெருங்கி வருகிறது. ஆனால் வலியே வராமல் ஆரா மட்டும் வருபவர்களும் உண்டு, அங்கே ‘முன்’ இடிக்கிறது.

ஆகவே ‘படரலை’. மூளையின் மேற்பரப்பில் ஒரு மின்மாற்றம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் அலையாகப் படர்வதுதான் இதன் அடிப்படை. அதனால்தான் மினுக்கம் மெல்ல மெல்லப் பெரிதாகிறது; சிலருக்கு மரமரப்பு விரலில் தொடங்கிக் கை வழியே உதட்டுக்கு ஏறுகிறது. சட்டென்று எழுந்தால் ஒரு நொடி கண் இருட்டுமே, அது படராது, ஆகவே படரலை ஆகாது.

இந்தச் சொல் மருத்துவர் எழுதும் குறிப்புக்கு. பெண்ணிடம் கேட்கும் வரி இப்படி இருக்கட்டும்: ‘தலைவலிக்கு முன்போ, வலி இல்லாமலோ, கண்ணில் நெளிநெளியாக மினுங்கிப் பரவுமா? பார்வையில் ஒரு பகுதி மறையுமா? கையோ உதடோ மரத்துக்கொண்டே போகுமா?’